மீன் தொட்டி ஃபில்டர்: எதைக் கழுவுவது, எதை விட்டுவைப்பது

ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பளிச்சென்று கழுவி வைப்பார்கள். கண்ணாடி மின்னும். ஃபில்டர் ஸ்பாஞ்ச் கடையில் வாங்கிய நாளில் இருந்த நிறத்துக்குத் திரும்பியிருக்கும். செவ்வாய், புதன் வாக்கில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கும். ஒன்றிரண்டு செத்து மிதக்கும். கடையில் போய்ச் சொன்னால் நீலமாகவோ மஞ்சளாகவோ ஒரு மருந்து கிடைக்கும். பெரும்பாலும் அங்கே நோய் எதுவும் இருப்பதில்லை. ஃபில்டரை அளவுக்கு மீறிக் கழுவியதுதான் காரணம்.

ஃபில்டருக்கு வேலை இரண்டு. மிதக்கும் கழிவையும் மீன் தின்னாமல் விட்ட தீனியையும் பிடித்து நிறுத்துவது ஒன்று. மீனின் செவுள் வழியே வெளியேறித் தண்ணீரில் கரையும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு இருக்க இடம் கொடுப்பது இன்னொன்று. முதல் வேலை நடக்க அடிக்கடி கழுவ வேண்டும். இரண்டாவது நடக்க, முடிந்தவரை கைவைக்காமல் இருக்க வேண்டும். விலை குறைந்த ஃபில்டர்களில் இரண்டு வேலையும் ஒரே ஸ்பாஞ்சுக்குள் நடப்பதுதான் சிக்கலே.

நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் மீன் வளர்ப்பவர்கள் வெகுகாலம் படித்து வந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-ல் டிம் ஹோவனெக் குழுவினர் காட்டினார்கள். 2015-ல், மீன் பண்ணைச் சுழற்சி அமைப்பு ஒன்றின் ஃபில்டரிலிருந்து, அம்மோனியாவில் தொடங்கி நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைராவும் கிடைத்தது. எந்தப் பெயரில் இருந்தாலும் கழுவுகிறவர் மனதில் வைக்க வேண்டிய குணங்கள் மூன்றுதான். இவை தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை, மீடியாவின் மேல், அதாவது ஃபில்டருக்குள் வைக்கும் ஸ்பாஞ்ச், பஞ்சு, ரிங் போன்றவற்றின் மேல், படலமாக ஒட்டி வாழ்கின்றன. மற்ற பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும் இடத்தில், இவற்றுக்கு நல்ல சூழலிலும் அரை நாளுக்கு மேல் ஆகும். ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்யாது. தண்ணீரை மாற்றினால் பாக்டீரியா பெரிதாகக் குறையாது, மீடியாவைத் தேய்த்தால் குறையும் என்பது முதல் குணத்தால். போனது திரும்பி வர வாரக்கணக்கில் ஆவது இரண்டாவதால். மூன்றாவது குணம் கரண்ட் கட்டில் தன் வேலையைக் காட்டும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

அம்மோனியா எவ்வளவு விஷம் என்பது பிஎச், அதாவது தண்ணீரின் அமில, கார அளவைப் பொறுத்தது. 28 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 இருக்கும் தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது ஆறு பங்கைத் தாண்டிவிடும். போர் தண்ணீர் ஊற்றும் பல வீட்டுத் தொட்டிகளில் பிஎச் 8-ஐ ஒட்டியே இருக்கிறது. ஒரே தவறைச் செய்தும் ஒரு வீட்டில் மீன் பிழைத்து, பக்கத்து வீட்டில் செத்துப்போவதற்கு இது ஒரு காரணம்.

எப்போது கழுவுவது

"மாதம் ஒரு முறை" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 3 அடித் தொட்டியில் பத்து சின்னக் கப்பி மீன் இருப்பதும் ஒரு பெரிய ஃபிளவர்ஹார்ன் மீன் இருப்பதும் ஒன்றல்ல. நாளைக் கணக்கு வைக்காமல் தண்ணீர் ஓட்டத்தைக் கணக்கு வைப்பதுதான் சரியான வழி. ஃபில்டரைப் புதிதாகக் கழுவி மாட்டிய அன்றே, அதன் வெளிக்குழாயை ஒரு லிட்டர் மக்கில் பிடித்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். 3600-ஐ அந்த நொடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 6 நொடி ஆனால் 600 லிட்டர். தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாயால் இணைக்கும் பெரிய கானிஸ்டர் ஃபில்டர் என்றால் மக் போதாது. 10 லிட்டர் வாளியைப் பிடித்து, 36,000-ஐ நொடியால் வகுக்க வேண்டும்.

வரும் எண் பெட்டியில் அச்சிட்டதைவிட நிறையக் குறைவாக இருக்கும். பயப்பட வேண்டாம். அது உள்ளே மீடியா இல்லாமல், தண்ணீரை மேலே ஏற்றும் உயரமும் இல்லாமல் எடுத்த அளவு. நமக்கு வேண்டியது நம் தொட்டியின் சொந்த அளவுதான். அந்த ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது. 6 நொடி 9 நொடியானால் சரியாக அந்த அளவு. கூட்டமில்லாத செடித் தொட்டியில் இதற்கு 3 மாதம்கூட ஆகலாம். தங்கமீன் தொட்டியில் 2 வாரத்தில் வந்துவிடும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரில் மக் வைத்து அளக்க வழியில்லை. ஏர் பம்ப் அதே வேகத்தில் ஓடியும் மேல் குழாயிலிருந்து தண்ணீர் தள்ளப்படுவது மந்தமாகிறதா, ஸ்பாஞ்சை விரலால் அமுக்கினால் புகை போலக் கசடு கிளம்புகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அடைத்துக்கொண்டது என்று பொருள்.

"அப்படியானால் கழுவாமலே விட்டால் பாக்டீரியாவுக்கு நல்லதுதானே" என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. உள்ளே தங்கிய கசடு அழுகிக்கொண்டே இருக்கும்; அதுவே அம்மோனியாவைத் தரும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற, தண்ணீரிலிருந்து கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 7 கிராம் காரத்தன்மை, அதாவது பிஎச் சரியாமல் தாங்கும் கையிருப்பு, செலவாகிறது. போர் தண்ணீரில் இது தெரியாது, கையிருப்பு நிறைய. ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றும் தொட்டியில் கையிருப்பே கிடையாது. பிஎச் சரிந்து 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிடும். ஆர்.ஓ. தண்ணீர் விடுபவர்கள் கொஞ்சம் குழாய்த் தண்ணீரும் கலப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

எந்தத் தண்ணீரில் கழுவுவது

தொட்டித் தண்ணீரில். தண்ணீர் மாற்றும் நாளிலேயே ஃபில்டரையும் வைத்துக்கொண்டால் தனியாகத் தண்ணீர் தேட வேண்டாம். கால் பங்கு தண்ணீரைச் சைஃபன் போட்டு எடுங்கள். முதலில் வரும் தெளிந்த இரண்டு வாளியைக் கழுவுவதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். சரளைக் கல்லை ஆழமாகக் கிளறி உறிஞ்சுவதை மட்டும் அன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். கல்லிலும் பாக்டீரியா இருக்கிறது. இரண்டு இருப்பிடத்தையும் ஒரே நாளில் கலைக்கக் கூடாது.

குழாய்த் தண்ணீரில் என்ன கெடுதல்? குளோரின். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது. நீரேற்று நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தெருக்களில் இதைவிடக் கூடுதலாகவே வரும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காதுதான். ஆனால் அடுக்குமாடிகளில் சம்ப்பிலோ மொட்டைமாடித் தொட்டியிலோ பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அதுவும் குளோரின் தண்ணீர்தான். வாட்ச்மேனைக் கேட்டால் தெரிந்துவிடும்.

ஒரு முறை குழாயில் காட்டிவிட்டால் எல்லாப் பாக்டீரியாவும் செத்துவிடும் என்று பயமுறுத்துவதும் மிகைதான். வழவழப்பான படலத்துக்குள் இருப்பவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஓடும் குழாய்க்கு அடியில் வைத்து, வெள்ளையாகும்வரை பத்து நிமிடம் பிழிவதுதான் ஆபத்து. அங்கே குளோரின் பாதி, பிழிதல் பாதி.

தொட்டித் தண்ணீர் போதவில்லை என்றால் குளோரினை முறித்துவிட்டுப் பயன்படுத்தலாம். கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் கண்ணாடி போன்ற படிகம் சோடியம் தயோசல்ஃபேட். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்கள். 10 கிராம் படிகத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 10 லிட்டர் வாளிக்கு 1 மில்லி போதும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் குளோரின் இருந்தாலும் முறித்துவிடும். வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.

மீன் வேலைக்கென்று ஒரு வாளி தனியாக இருக்க வேண்டும். துணி ஊறவைத்த வாளியோ தரை துடைத்த வாளியோ எவ்வளவு அலசினாலும் வேண்டாம். வெள்ளை நிற வாளி நல்லது, காரணம் கீழே வருகிறது. கையில் சோப்பு, சானிட்டைசர், தைலம் எதுவும் இருக்கக் கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். தொட்டித் தண்ணீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி இருக்கலாம். காயத்தில் புகுந்தால் ஆறாத கட்டியாகி, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வைக்கும். அதே காரணத்துக்காகச் சமையலறைச் சிங்க்கிலும் கழுவ வேண்டாம்.

முக்கியமானது கரண்ட். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஒயரிங் மாறிப்போன வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும்; அணைத்த பிறகும் மோட்டாரில் கரண்ட் இருக்கும். ஹீட்டர் போட்டிருக்கும் ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் அதன் பிளக்கையும் எடுத்து, கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் தண்ணீரை இறக்க வேண்டும். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே வந்தால் கண்ணாடி வெடிக்கும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர்

சுலபமானது இதுதான், ஆனாலும் பாதிப் பேர் முதல் அடியிலேயே சறுக்குவார்கள். ஃபில்டரை அப்படியே தூக்கினால் உள்ளிருக்கும் கசடு முழுவதும் தொட்டியில் கொட்டிவிடும். ஒரு பிளாஸ்டிக் கவரையோ அகலமான டப்பாவையோ தண்ணீருக்குள் கொண்டுபோய், ஃபில்டரை அதற்குள் வைத்து மூடியபடி வெளியே எடுங்கள். ஒதுக்கிய வாளியில் ஸ்பாஞ்சை மூன்று நான்கு முறை அமுக்கி விட்டால் போதும். துணி பிழிவது போல முறுக்கக் கூடாது. தண்ணீர் டிக்காக்ஷன் நிறத்துக்கு வரும், ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கும். இருக்கட்டும். கசடு போய் துளை திறந்தால் போதும், நிறம் போக வேண்டியதில்லை.

குழாய்க்குள் ஏர் ஸ்டோன் இருந்தால் அதையும் பாருங்கள். குமிழி ஒரு பக்கம் மட்டும் வருகிறதென்றால் அடைத்திருக்கிறது. சுத்தம் செய்து மினக்கெடாமல் புதிது போட்டுவிடலாம், விலை குறைவுதான். தொட்டியில் இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடினால் இந்த முறை ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றது.

மோட்டார் ஃபில்டரும் டாப் ஃபில்டரும்

தண்ணீருக்குள் ஒட்டும் மோட்டார் ஃபில்டர்தான் நம் ஊரில் அதிகம் விற்கிறது. ஒரு மோட்டார், கீழே ஒரு டப்பா, டப்பாவுக்குள் ஒரே ஒரு ஸ்பாஞ்ச். அந்த ஒரே ஸ்பாஞ்சைக் கழுவினால் தொட்டியின் பாக்டீரியாவில் பெரும்பகுதியைக் கலைத்தது போலாகும். இதற்கு எளிய வழி, ஸ்பாஞ்சை கத்தரிக்கோலால் செங்குத்தாக இரண்டாக வெட்டிவிடுவது. டப்பாவுக்குள் இரண்டு பாதியும் ஒட்டி நிற்கும், ஓட்டத்தில் வித்தியாசம் வராது. ஒரு முறை இடப்பாதி, மூன்று வாரம் கழித்து வலப்பாதி. புது ஸ்பாஞ்ச் மாற்றும்போதும் பாதி பாதியாக மாற்றலாம்.

தொட்டியின் மேல் உட்காரும் டாப் ஃபில்டரில் வேலை வேறு. மேலே தட்டில் விரித்திருக்கும் வெள்ளைப் பஞ்சு குப்பையைப் பிடிக்க மட்டும்தான். அதை வாரம் ஒரு முறை தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுவதில் தயக்கமே வேண்டாம். கீழ்த் தட்டில் பாக்டீரியா தங்குவதற்கான செராமிக் ரிங் இருக்கும்வரை. அடியில் எதுவும் இல்லாமல் பஞ்சு மட்டும் இருந்தால் நிலைமை தலைகீழ், பாக்டீரியாவும் அந்தப் பஞ்சில்தான் இருக்கும். அப்போது புதுப் பஞ்சின் மேல் பழைய பஞ்சில் ஒரு துண்டை வெட்டி வைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள், இடையில் அரைக் கிலோ செராமிக் ரிங் வாங்கிப் போடுங்கள். பஞ்சு அடைத்தால் டாப் ஃபில்டர் எச்சரிக்காது. தண்ணீர் தட்டின் விளிம்பு வழியே வழியும். தட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தால் அது தொட்டிக்குள் விழாமல் ஹாலில் விழும்.

பின்பக்கம் மாட்டும் ஹேங் ஆன் ஃபில்டர்களோடு வரும் கார்ட்ரிட்ஜை மாதம் ஒரு முறை மாற்றச் சொல்வது கம்பெனியின் வியாபாரம். உள்ளே இருக்கும் கார்பன் மூன்று நான்கு வாரத்தில் தீர்ந்துபோவது உண்மைதான். ஆனால் கார்பன் எப்போதும் தேவைப்படும் பொருள் அல்ல. மருந்து போட்ட பிறகு அதை நீக்கவும், மரக்கட்டை விடும் மஞ்சள் சாயத்தை எடுக்கவும் அது உதவும். மற்ற நாட்களில் அந்த இடத்தில் அளவாக வெட்டிய ஸ்பாஞ்ச் ஒன்றும் ஒரு பை செராமிக் ரிங்கும் வைத்தால் வருடக்கணக்கில் செலவில்லை. இன்னொன்று: ஹேங் ஆன் ஃபில்டரைக் கழுவி மாட்டியதும் அதன் பெட்டியைத் தண்ணீரால் நிரப்பிவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும். பல மாடல்கள் தானாகத் தண்ணீரை இழுக்காது. வறண்டு ஓடினால், தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறியான இம்பெல்லரின் தண்டு சூடாகித் தேயும்.

கானிஸ்டர்

முதலில், உங்கள் கானிஸ்டரில் தண்ணீர் எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் தண்ணீர் நேராக அடிக்கு இறங்கி, கூடைகள் வழியே மேலேறி, மேலே இருக்கும் மோட்டாருக்குப் போகும். அதனால் முரட்டு ஸ்பாஞ்ச் அடிக் கூடையில், செராமிக் ரிங் நடுவில், வெள்ளைப் பஞ்சு கடைசிக் கூடையில். இதை மாற்றி அடுக்கிவிட்டு "வாரத்துக்கு ஒரு முறை அடைக்கிறது" என்று கம்பெனியைத் திட்டுபவர்கள் நிறைய. முரட்டு ஸ்பாஞ்ச் என்றால் ஒரு இன்ச்சில் 20 முதல் 30 துளை வருவது. அதைவிட நெருக்கமானதை அடியில் போட்டால் சீக்கிரம் அடைக்கும்.

பிளக்கைப் பிடுங்கி, இரண்டு வால்வையும் மூடி, குழாய் இணைப்பைக் கழற்றுங்கள். கழற்றும்போது ஒரு கப் தண்ணீராவது சிந்தும், கீழே பழைய துண்டு போட்டு வையுங்கள். கானிஸ்டரைக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் திறந்து, கூடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டித் தண்ணீர் இருக்கும் வாளிக்குள் வைத்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்வரை பாக்டீரியா அரை மணி நேரத்தில் சாகாது. வெயிலில் காயவைத்தால் சாகும். கானிஸ்டரில் மிஞ்சிய கறுப்புத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாம், உப்போ மருந்தோ போடாத தொட்டியாக இருந்தால் மட்டும்.

முரட்டு ஸ்பாஞ்சை நன்றாகவே அமுக்கிக் கழுவலாம், நடுவில் ரிங் இருக்கிறதே. வெள்ளைப் பஞ்சு குப்பைக்கு. செராமிக் ரிங் கூடையை மட்டும் தண்ணீரில் ஒரு முறை முக்கி, மெதுவாக ஆட்டி எடுத்தால் முடிந்தது. ரிங்கை ஒவ்வொன்றாகத் தேய்ப்பது, வெந்நீரில் போடுவது, வெயிலில் உலர்த்துவது எதுவும் வேண்டாம். கடையில் "ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரிங் மாற்றணும்" என்பார்கள். ரிங் உடைந்து மாவாகும்வரை மாற்றத் தேவையில்லை. மாற்றியே ஆக வேண்டுமென்றால் பாதியை இன்று, மீதியை ஒரு மாதம் கழித்து.

நிறையப் பேர் தொடாமல் விடுவது இம்பெல்லரை. மீடியா சுத்தமாக இருந்தும் ஓட்டம் ஏறவில்லை என்றால் தவறு பெரும்பாலும் இங்கேதான். மோட்டார் தலையைக் கவிழ்த்து, இம்பெல்லர் மூடியைத் திருகி எடுத்தால் காந்தத்தோடு இம்பெல்லர் வெளியே வரும். நேராக இழுங்கள், நடுவில் இருக்கும் செராமிக் தண்டு சாய்த்தால் பென்சில் முனை போல ஒடியும். தண்டின் இரு முனையிலும் சின்ன ரப்பர் புஷ் இருக்கும். குளியலறை ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள், அந்தப் புஷ் போனால் ஃபில்டர் கடகடவென்று சத்தம் போடும். காந்தத்தின் மேலும் அது உட்காரும் குழிக்குள்ளும் இருக்கும் வழவழப்பைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுங்கள், குழிக்குள் காது குடையும் பஞ்சுக்குச்சி போகும். இங்கே தாராளமாகக் குழாய்த் தண்ணீரில் தேய்க்கலாம்.

போர் தண்ணீர்த் தொட்டிகளில் காந்தத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு படியும். பிரஷ்ஷுக்கு அசையாது. சமையல் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்தால் இளகிவிடும். எலுமிச்சைச் சாறும் அதே வேலையைச் செய்யும். கத்தியால் சுரண்டாதீர்கள், காந்தத்தின் பூச்சு கிழிந்தால் துருப்பிடித்து வீங்கும். பிறகு நன்றாக அலசிவிட வேண்டும்.

அடுத்து ஓ ரிங். கானிஸ்டர் ஒழுகுகிறது என்று வரும் புகார்களில் முக்கால்வாசி இந்த ரப்பர் வளையத்தோடு முடியும். வளையத்தைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து, ஒரு மணல் துகளோ முடியோ இல்லாமல் பாருங்கள். வளையத்தை விரலில் லேசாக இழுத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். சிலிக்கான் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு எடுத்து வளையம் முழுக்க மெல்லிசாகத் தடவுங்கள். வாஸ்லின் வேண்டாம், பெட்ரோலியப் பொருள் பட்டால் சில வகை ரப்பர் உப்பிப் பள்ளத்தில் உட்காராமல் போகும். தேங்காய் எண்ணெய்யும் வேண்டாம், தொட்டியின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கும்.

கூடைகளை அடுக்கி, கானிஸ்டரைத் தொட்டித் தண்ணீராலோ குளோரின் முறித்த தண்ணீராலோ நிரப்பி மூடுங்கள். காலியாக மாட்டினால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு மோட்டார் இரைச்சல் போடும். குழாய்களை இணைத்து, முதலில் உள்ளே வரும் வால்வையும் பிறகு வெளியே போகும் வால்வையும் திறங்கள். தண்ணீர் இறங்கும் சத்தம் நின்ற பிறகுதான் பிளக். ஓட ஆரம்பித்ததும் கானிஸ்டரை இரு பக்கமும் மெதுவாகச் சாய்த்தால் மிச்சக் காற்று வெளிக்குழாய் வழியே வெளியேறும். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். சொட்டு விழுந்திருந்தால் தாளில் தெரியும். மின் ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. மீன் தொட்டி இருக்கும் அறையின் லைனில் கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

குழாய்களை மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, நீளக் கம்பியில் வரும் பிரஷ்ஷை விட்டு இழுத்துக் கழுவினால் போதும். முனை கெட்டிப்பட்டு இணைப்பில் இறுகாமல் போனால் ஒரு இன்ச் வெட்டிவிட்டு மாட்டலாம், அந்த நீளத்தைக் கணக்கில் வைத்துத்தான் புதிதில் குழாயைச் சற்று நீளமாக விட வேண்டும்.

வெள்ளை வாளி சொன்னேனே: இறால் வளர்ப்பவர்களுக்கும் கப்பி குட்டி போடும் தொட்டிக்காரர்களுக்கும்தான். கழுவிய தண்ணீரைக் கொட்டும் முன் ஐந்து நிமிடம் தெளியவிட்டுப் பார்த்தால், ஃபில்டருக்குள் போய்க் குடியிருந்த குட்டி இறால்கள் அடியில் நடமாடுவது தெரியும். உறிஞ்சும் குழாயின் முனையில் ஒரு ஸ்பாஞ்ச் உறை போட்டுவிட்டால் இவை உள்ளே போகாது, கானிஸ்டரைத் திறக்கும் இடைவெளியும் கூடும். அந்த உறையை மட்டும் வாரம் ஒரு முறை எடுத்துக் கழுவிக்கொள்ளலாம்.

கழுவிய பிறகு

முதல் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பாகக் கலங்கினால் அது வெறும் கசடு, மாலைக்குள் தெளிந்துவிடும். இரண்டாம் நாள் பால் கலந்தது போல வெண்மையாகக் கலங்கினால்தான் கவனிக்க வேண்டும். அது தண்ணீரில் மிதந்து வேகமாகப் பெருகும் வேறு வகைப் பாக்டீரியா. ஃபில்டரை அதிகம் கலைத்துவிட்டதற்கு அடையாளம்.

கழுவும் அன்றும் மறுநாளும் தீனியைப் பாதியாக்குங்கள். வளர்ந்த மீன் இரண்டு நாள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் அம்மோனியா டெஸ்ட் கிட்டில் பாருங்கள், பூஜ்யமாக இருக்க வேண்டும். நிறம் ஏறினால் குளோரின் முறித்த தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றி, தீனியை நிறுத்தி, மறுநாள் மீண்டும் டெஸ்ட். நைட்ரைட் ஏறியிருந்தால் 10 லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு கரைத்து விடலாம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் இரத்தத்தில் சேர்வதைத் தடுக்கும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா திரவத்தை இந்த நேரத்தில் நம்பி உட்காராதீர்கள். ஊற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் தண்ணீர் மாற்றும் வேலையை அது மிச்சப்படுத்தாது.

நோய் வந்த தொட்டியின் ஃபில்டரைக் கொதிநீரிலோ பிளீச்சிலோ போட்டுக் கிருமி நீக்கினால், அது புதுத் தொட்டி என்றே கொள்ளுங்கள். பழைய நிலைக்கு வர 4 முதல் 6 வாரம் ஆகும்.

கரண்ட் கட் ஆனால்

5 லிட்டர் கானிஸ்டருக்குள் நிற்கும் தண்ணீரில், 28 டிகிரியில், அதிகம் போனால் 40 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றவே 4.5 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும், கசட்டைத் தின்னும் மற்ற பாக்டீரியாக்களுக்குத் தனி. மோட்டார் நின்றால் இந்தக் கையிருப்பு சில மணி நேரத்தில் தீரும். ஆக்சிஜன் தீர்ந்த பின் உள்ளே அழுகல் தொடங்கும்; முட்டை அழுகிய வாடை வருவது இதனால்தான். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடி அந்தத் தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் தள்ளிவிடும்.

ஒரு மணி நேரக் கட்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் கானிஸ்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் வந்த பின் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்து, புதிதாக நிரப்பி ஓட்டுங்கள். அரை நாளுக்கு மேல் போகும் என்று தெரிந்தால் ரிங் கூடையை வெளியே எடுத்துத் தொட்டிக்குள்ளேயே வைத்து, பவர் பேங்கில் ஓடும் சின்ன ஏர் பம்ப்பின் குமிழியை அதற்கு அடியில் விடலாம்; மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரே பம்ப் போதும். சாதாரண ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால் டியூபில் ஒரு சின்ன ரிவர்ஸ் வால்வு போட்டே ஆக வேண்டும். கரண்ட் நின்ற நொடியில் டியூப் சைஃபன் ஆகித் தண்ணீர் பம்ப்புக்குள் இறங்கும்.

வீட்டில் எடுத்து வைக்க வேண்டிய உதிரிகள்: உங்கள் மாடலுக்கான இம்பெல்லர் தண்டோடு ஒன்று, ரப்பர் புஷ் ஒரு ஜோடி, ஓ ரிங் ஒன்று. சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைத்துவிடும், மற்ற ஊர்களில் ஃபில்டர் வாங்கும் அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள். மாடல் நின்றுபோனால் 100 ரூபாய் வளையத்துக்காக முழு ஃபில்டரையும் மாற்ற வேண்டியிருக்கும்.